பெரியாளும் இடதுபக்கச் சாக்கெட்டும்

எங்கள் மதினிக்கு எதையும் தனியாகப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வராது. குழம்பை ஊற்றிவிட்டு "எப்படி இருக்கு மதினி?" என்று கேட்டால், பிசைந்த கையோடு நிமிர்ந்து "எதை விட?" என்பார். நேற்றைய குழம்பு ஒரு கரண்டி மிச்சமிருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லி, தட்டில் இரண்டையும் தள்ளித் தள்ளி விட்டு, இதில் ஒரு விரல் அதில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் வாய் திறப்பார். "பக்கத்துல வைட்டி, சொல்லுதேன்" என்பதுதான் அவர் பேச்சு. தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எங்கள் வீட்டு மாடி அறை அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். "ரெண்டு மாப்பிள்ளை வந்துச்சு. பக்கத்துல வச்சுப் பார்த்தேன். இவன் அவனை மோசமாக் காட்டுனான், அவன் இவனை மோசமாக் காட்டுனான். விட்டுட்டேன்" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

என் வளைகாப்புக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், என் கையில் வளையலை ஏற்றிக்கொண்டே மதினி சொன்னார்: "தம்பிக்கு ரெண்டு பிள்ளை பார்த்தோம். சுரண்டைக்காரி நல்ல நெறம். இவ நெதானம். எனக்கு நெதானம்தான் பிடிச்சுது." என் அம்மாவின் முகம் சுருங்கிப் போய்விட்டது. சித்திமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பந்தலை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. மதினிக்கோ என்னைப் புகழ்ந்துவிட்ட திருப்தி. அன்று ராத்திரி என்னிடம் வந்து "உங்க அம்மாவுக்கு சந்தோசம்தானே?" என்று வேறு கேட்டார்.

சீசன் தொடங்கி முதல் சாரல் விழுந்துவிட்டால் அவரோடு குற்றாலம் போவது ஒரு தண்டனை. எல்லோரும் ஒரு அருவியில் ஆசை தீரக் குளித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக இரண்டாம் தரம் நின்று, சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். மதினி மெயின் அருவியில் தலையைக் கொடுத்த ஈரம் காயும் முன்னே ஐந்தருவிக்கு ஆட்டோ பிடிப்பார். "இதை நேத்தும் அதை இன்னைக்கும் குளிச்சா எப்படிட்டி சொல்ல முடியும்? ஒரே நாள்ல, ஒரே ஒடம்புல குளிக்கணும்." ஈரச் சேலை காலைத் தடுக்க நான் பின்னால் ஓடுவேன். ஆட்டோக்காரர்கள் தூரத்தில் அவரைக் கண்டாலே வண்டியைத் திருப்பி நிறுத்துவார்கள்.

இந்தப் புத்தியெல்லாம் எங்கே விளைந்தது என்றால், மாடி அறையில் மேசையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியில். வால்வு சோதிக்கிற பெட்டி. டிரான்சிஸ்டர் வருமுன் ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருந்த கண்ணாடிக் குழாயைத்தான் வால்வு என்போம். உள்ளே ஒரு இழை செக்கச் செவேலென்று சூடாகும். சூடானால்தான் அதன் வழியே கரண்ட் பாயும். இந்தக் காலத்தில் யார் அதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பாட்டு வால்வில் கேட்டால்தான் பாட்டு என்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் இருந்தார். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பஞ்சில் பொதிந்து கூரியரில் அனுப்புவார்கள். வாங்கின வால்வு நல்லதா, ஓய்ந்ததா என்று மதினி சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவர் "டீச்சர்".

அந்தப் பெட்டி பிறவியில் டிரான்சிஸ்டர் சோதிக்கும் கர்வ் டிரேசர். பாலிடெக்னிக்கில் கழித்துப் போட்டபோது மதினி வாங்கி வந்து உள்ளே பாதியை மாற்றிவிட்டார். வால்வுக்கு வேண்டிய பெரிய வோல்ட்டேஜுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இழையைச் சூடாக்க இன்னொன்று. முகப்பில் வலதுபக்கம் ஒரு சாக்கெட், இடதுபக்கம் ஒரு சாக்கெட், நடுவில் ஒரு சுவிட்ச். சுவிட்சை வலதுபக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்து வால்வு எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது என்பது திரையில் பச்சைக் கோடுகளாக, விசிறி மாதிரி விரியும். இடதுபக்கம் தள்ளினால் இந்தப் பக்கத்து வால்வின் விசிறி. டக், டக் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். இரண்டு விசிறியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் வால்வு நல்லது. இடதுபக்கத்து விசிறி தாழ்ந்து நின்றால், "ஓடினது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு.

வலதுபக்கச் சாக்கெட்டில் எப்போதும் ஒரே வால்வுதான் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் பாட்டைத் தூக்கிக் கொடுக்கிற பெரிய வால்வு. அப்பழுக்கில்லாதது என்று மதினியே பார்த்து எடுத்து வைத்தது. அதற்குப் பெரியாள் என்று பெயர். வருகிற பெரிய வால்வெல்லாம் பெரியாளுக்குப் பக்கத்தில், இடதுபக்கம் உட்கார வேண்டும். அநேகமாக எல்லாமே தாழ்ந்துதான் நிற்கும்; விற்கிறவர்கள் பழசைத்தானே தள்ளிவிடுகிறார்கள் என்பார் மதினி. ஆயுத பூஜைக்கு மட்டும் பெரியாளைக் கழற்றி, மல்துணியால் துடைத்து, திரும்ப வலதுபக்கமே வைத்து, அடியில் சந்தனமும் குங்குமமும் இடுவார். அடுத்த பூஜை வரை யாரும் தொடக்கூடாது. ஏன் வலதுபக்கம் என்று கேட்டதற்கு, "நல்லது வலதுபக்கம் இருக்கட்டுமே" என்றார். புது வீட்டில் வலதுகாலை வைத்து நுழைகிறவர்கள்தானே நாங்களும். எனக்கு அது சரியாகவே பட்டது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் ஒரே பைக்கில் வந்தார்கள். அண்ணனுக்கு வடகரையில் தென்னந்தோப்பு. வால்வு ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு போட்டுக் கேட்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சோக்கு. தம்பி இலத்தூரில் இருந்தார். அண்ணனுடைய தோப்புத் தேங்காயையும் அக்கம்பக்கத்துத் தேங்காயையும் லாரியில் எர்ணாகுளத்துக்கு ஏற்றிப் போகிறவர். போன இடத்தில் அண்ணனுக்கென்று புது வால்வு நாலு வாங்கி வந்திருக்கிறார்.

"புதுசுங்கான் டீச்சர். போட்டா பாட்டு பழையபடி எடுக்கல. பாத்துச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"பக்கத்துல வச்சிருவோம்" என்றார் மதினி.

நான் காப்பியோடு மாடியேறியபோது முதல் வால்வு இடதுபக்கம் சூடேறிக்கொண்டிருந்தது. டக், டக். விசிறி தாழ்ந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலையும் பார்த்து முடித்து மதினி கையைத் துடைத்தார். "நாலும் ஓடினது அண்ணாச்சி. புதுசு இல்ல."

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒட்டியிருந்த டப்பாவை நான்தான் டீச்சர் பிரிச்சேன்" என்றார். பிறகு பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டீச்சர், அதையும் இதையும் எடம் மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

மதினி சிரித்தார். "பெரியாளை அசைக்கப்படாது. பொட்டு வச்சிருக்கேம்லா, பாரும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, பேசாம இரு. மெசினுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? கூடப் பொறந்தவன்கிட்டேயே வேலையைக் காட்டுதியோ" என்றார். தம்பி காப்பியைத் தொடவில்லை. கீழே இறங்கியதும் பைக் அண்ணாச்சியோடு வடகரைப் பக்கம் போயிற்று. தம்பி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன்.

அதன்பிறகு காதில் விழுந்ததெல்லாம் நல்ல சேதி இல்லை. தம்பி இலத்தூரில் வீடு கட்டி பால் காய்ச்சினார், அண்ணன் போகவில்லை. தோப்புக் காய் வேறு லாரியில் ஏறியது. "சொந்த அண்ணனுக்கே பழசைப் புதுசுன்னு வித்தவன்" என்று அண்ணாச்சி தேங்காய் மண்டியில் உட்கார்ந்து சொல்ல, மற்ற தோப்புக்காரர்களும் ஒவ்வொருவராக வண்டியை மாற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இதை வந்து சொன்னபோது மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல வச்சோம், தெரிஞ்சுபோச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். நல்ல வெங்காயத்தை ஒருபக்கமும் அழுகலை ஒருபக்கமுமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் சீசன் முடிகிற நேரத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. குறைந்த தண்ணீரில் எது தேவலை என்று பார்க்க வேண்டாமா? மெயின் அருவியில் குளித்துவிட்டு ஐந்தருவிக்கு அவசரமாகப் படி இறங்கும்போது மதினி பாசியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. "ஏட்டி, இந்த வருசம் நீயே தொடைச்சு வச்சிரு. பாத்து, கண்ணாடி" என்று என்னை மாடிக்கு அனுப்பினார்.

நானும் பயபக்தியோடுதான் செய்தேன். பெரியாளைக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, திரும்பச் செருகினேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று செய்த அவசரத்தில் எந்தப் பக்கம் என்று மறந்து இடதுபக்கம் செருகிவிட்டேன். பூஜையன்று ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்பதால் பெட்டி சும்மா இருந்தது. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் மதினி இடதுகையால் சுவிட்சைப் போட்டார்.

பெரியாளின் விசிறி பாதி எழும்பி நின்றது.

"என்னட்டி செஞ்ச? கீழ போட்டியா?" என்று மதினி கத்தினார். "இல்ல மதினி" என்று ஆணையிட்டுச் சொன்னேன். அதற்குள் வால்வு உட்கார்ந்திருந்த பக்கத்தை அவர் கவனித்துவிட்டார். எடுத்து வலதுபக்கம் போடச் சொன்னார். விசிறி பழையபடி உயர்ந்தது. திரும்ப இடதுபக்கம். தாழ்ந்தது. திரும்ப வலதுபக்கம். சூடான கண்ணாடி என் விரலைச் சுட்டது. "போடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து தரம் மாற்றிப் பார்த்தோம்.

மல்டிமீட்டரை எடுத்து வரச் சொன்னார். வால்வு இல்லாமல் அளந்தால் இரண்டு சாக்கெட்டிலும் ஒரே அளவு காட்டியது. பெரியாளை இடதுபக்கம் போட்டு அளந்தபோது மட்டும் இழைக்குப் போகிற வோல்ட்டேஜ் இறங்கியது. நான் பெட்டியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினேன். வலதுபக்கச் சாக்கெட்டுக்கு நல்ல தடித்த வயர் போயிருந்தது. இடதுபக்கத்துக்கு ஈர்க்குச்சி கனத்தில் ஒரு வயர், சுற்றி வளைத்து.

"தடி வயர் தீந்துபோச்சு" என்றார் மதினி. "கெடந்ததைப் போட்டேன். அப்புறம் மாத்திக்கிடலாம்னு."

"எப்ப மதினி?"

"பெட்டி செஞ்ச அன்னைக்கு."

பிறகு அவராகவே சொன்னார்: "சாக்கெட்டைக் காலியா வச்சு அளந்தேன். காலியா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான். பெரிய வால்வு உக்காந்து இழுக்கும்போதுல்லா தெரியும். லேப்ல ஒரு பிள்ளை இப்படிச் செஞ்சிருந்தா வெளிய அனுப்பியிருப்பேன். எடம் மாத்தி ஒருதடவ, ஒரே ஒருதடவ பாத்திருந்தா போதும்." சேலைத் தலைப்பை எடுத்துப் பெரியாளின் பொட்டை அழித்தார். அழிக்க அழிக்கக் குங்குமம் கண்ணாடியெல்லாம் பரவியது.

மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாடியேறிப் போய், "யக்கா, வயரை மாத்திட்டுப் பேசாம இருங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் சொன்னது நியாயமாகவே எனக்கும் பட்டது. ஊரில் அந்தப் பெயருக்குத்தானே இவ்வளவு மரியாதை. மதினி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இலத்தூர்த் தம்பி எடம் மாத்திப் போடச் சொன்னான்லாட்டி?" என்றார். அன்றைக்குக் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன்.

அடுத்த இரண்டு மூன்று நாளும் போன்தான். எண் கிடைத்தவர்களையெல்லாம் இடதுகையால் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். "டீச்சர் பேசுதேன். உங்க வால்வை நான் தப்பாச் சொல்லிட்டேன். என் பெட்டியில கோளாறு." சிலர் சிரித்துவிட்டு விட்டார்கள். கொச்சிக்காரர் ஒருவர் போட்ட சத்தம் அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. குற்றாலத்து லாட்ஜ்காரர், "நாலு வால்வைக் குப்பையில போடச் சொன்னீங்களேம்மா" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை, அம்மா என்றார். போனை வைத்துவிட்டு மதினி அதைத்தான் என்னிடம் திரும்பச் சொன்னார்.

வடகரைக்குப் போனில் சொல்ல முடியாது, நேரில்தான் போக வேண்டும் என்றார். கை கட்டோடு இருந்ததால் நானும் போனேன். பஸ்ஸில் அவரிடம் படித்த ஒரு ஆள், "டீச்சர், உக்காருங்க" என்று எழுந்தார். மதினி உட்காரவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். காலியாக இருந்த அந்த இடத்தில் உட்கார எனக்கும் கூச்சமாக இருந்தது.

அண்ணாச்சி தோப்பில் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இளநீர் வெட்டச் சொன்னார். மதினி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வயரைச் சொன்னார், வலதுபக்கத்தைச் சொன்னார், பொட்டைச் சொன்னார். "உங்க தம்பி கொண்டாந்தது புதுசாத்தான் இருக்கணும். பாட்டு எடுக்கலன்னா ஆம்ப்ளிஃபயர்ல வேற ஏதோ கோளாறு. நான்தான் அவர் தலையில போட்டுட்டேன்" என்றார்.

அண்ணாச்சி கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார். பிறகு குரலை இறக்கி, "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அவன்கிட்ட சொல்லாதீங்க டீச்சர்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"அவன் களவாணின்னு மண்டியில உக்காந்து சொல்லிட்டேன். கேட்டவன் பூராவும் அவனுக்கு லோடு கொடுக்கதை நிப்பாட்டிட்டான். இப்பப் போயி அவன் களவாணி இல்லன்னா, நான் யாரு?"

"அதையே கேட்டுக்கிட்டுத்தான் நானும் வந்திருக்கேன் அண்ணாச்சி" என்றார் மதினி. "ஆனா சொல்லாம இருக்க முடியாது."

அண்ணாச்சி எழுந்து மோட்டார் அறைக்குள் போனார். நாலு வால்வையும் அதே டப்பாவோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார். "என் கண்ணுல படாம கொண்டுபோயிருங்க" என்றார். வெட்டிய இளநீர் இரண்டும் அப்படியே இருந்தன.

இலத்தூரில் தம்பி வீட்டு வாசலில் லாரி நின்றது. ஓடாத லாரி என்று பார்த்தாலே தெரிந்தது. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. மதினி அங்கேயும் உட்காரவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நீரு எடம் மாத்திப் போடச் சொன்னீரு. நான் சிரிச்சேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. யார் முன்னாலும் மதினியின் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

தம்பி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நானும் அதை நம்பிட்டேனே டீச்சர்" என்றார். "எர்ணாகுளத்துக் கடைக்காரன் சட்டையைப் பிடிச்சேன். பெத்த பிள்ளை மேல சத்தியம் பண்ணினான். நான் அவனை நம்பல, உங்க பெட்டியைத்தான் நம்பினேன். அந்தக் கடைப் படியை இனிமே நான் எப்படி மிதிப்பேன்?"

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்து நின்றது. "பால் காய்ச்சும்போது பெரியத்தான் வரலன்னு எங்க சனத்துக்கு முன்னால தலைகுனிஞ்சு நின்னேன். இப்ப வந்து சொன்னா எல்லாம் சரியாப் போயிருமா டீச்சர்?" என்று கேட்டது. தம்பி அதை அடக்கவில்லை. நான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். வால்வு டப்பாக்கள் உரசிச் சத்தம் போட்டன.

"அண்ணன் என்ன சொன்னான்?" என்று தம்பி கேட்டார்.

எதையும் மறைக்கத் தெரியாத மதினி அன்றைக்குத் தடுமாறினார். "அவருக்கு வெக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கட்டுப் பிரித்த வாரமே மதினி இடதுபக்கத்துக்குத் தடி வயர் போட்டார். கை இன்னும் சரியாக மடங்காததால் பற்றவைக்கும்போது வயரை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் போன் செய்து வரச் சொன்னார். வந்தது தம்பி மட்டும். முதல் வால்வை வைத்து டக், டக் என்று மாற்றியபோது திரையில் ஒரே விசிறிதான் தெரிந்தது. எது பெரியாள், எது வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"எடம் மாத்துங்க" என்றார் தம்பி. மதினி பெரியாளைப் பிடுங்கி இடதுபக்கம் வைத்தார். அதே விசிறி. "இன்னொருக்கா" என்றார். மதினி முகம் கோணாமல் நாலு வால்வையும் இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் தம்பி செல்போனில் திரையைப் படம் எடுத்தார். என்னவோ டைப் செய்தார். அழித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையை நீட்டினேன். "அது அண்ணனுக்கு வாங்கினது. அவனே வந்து எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். மதினி அந்தக் காலி டம்ளரைத் தானே எடுத்துக் கழுவினார்.

அதோடு மாடி அறையில் டக், டக் சத்தம் நின்றது. கூரியரில் வந்தவற்றைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். பெட்டிமேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடினார். அடுத்த சீசனுக்கு, ஒடிந்த கையைச் சாக்குச் சொல்லிக் குற்றாலத்துக்கும் வரவில்லை. அந்தத் தீபாவளிக்குத் துணிக்கடையில் இரண்டு சேலையைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, வேண்டுமென்றே, "எது மதினி நல்லா இருக்கு?" என்று கேட்டேன். பழையபடி ஏதாவது சுருக்கென்று சொல்ல மாட்டாரா என்று ஆசை. மதினி இரண்டையும் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்குட்டி."

கடைப் பையன் சந்தோஷமாக இரண்டையும் மடித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷியிடமிருந்து அவர் வாயையே பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வளைகாப்புப் பந்தலில் அவர் பேச்சுக்கு வெட்கப்பட்டவள் நான். இந்த நல்ல வார்த்தைக்கு அதைவிட வெட்கப்பட்டேன்.

போன சீசனில், சாரல் பிடித்த ஒரு காலையில் மதினி போய்விட்டார். படுக்கையில் ரொம்ப நாள் கிடக்கவில்லை. வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். டீச்சரிடம் படித்தவர்கள் வந்தார்கள். குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒரு மாலையோடு வந்து, "டீச்சருக்கு" என்று என்னிடம் கொடுத்தார்.

வடகரை அண்ணாச்சி வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் இலத்தூர்த் தம்பி வந்தார். மதினியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு அந்த வரிசையில்தான் இடம் இருந்தது. அண்ணனைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இடையில் விட்டு உட்கார்ந்தார். இருவரும் நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல்படியில் நின்று அவர்களையே பார்த்தேன். ஒரே நெற்றி, ஒரே காது, தரையைப் பார்த்துக் கவிழ்கிற ஒரே முகம். யாருக்கு வெட்கம் அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நடுவில் கிடந்த அந்தக் காலி நாற்காலியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நேரே போனேன். "உள்ள ஒரு பெரியவங்க நிக்காங்க, இதை எடுத்துக்கிடுதேன்" என்றேன். உள்ளே யாரும் நிற்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி தன் நாற்காலியை இழுத்து அந்த இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.